பட்டை சீவிய புங்கமரம்

திருச்சி
21 ஏப்ரல் 2024

துர்காவுக்கு,

"இந்த மரம் இன்னும் எத்தினி நாளைக்கு நிக்கும்னு உங்க அக்காவையே எழுதிக் கேளு" என்று உன் பட்டறை ராஜாம்பாள் சொன்னதாக எழுதியிருக்கிறாய். எனக்குத் தெரியாது. இத்தனை வருடமாகக் கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறேன், இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அடுத்த மழைக்குள் போகலாம். இரண்டு வருடம் இழுத்துக்கொண்டும் நிற்கலாம். ஆனால் இப்படியே விட்டால் போய்விடும். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

மாசி மகத்துக்கு ஊருக்கு வந்தபோதே இதைச் சொன்னேன். சொன்ன விதம் சரியில்லை. உன் பட்டறைப் பெண்கள் எல்லோரும் பொம்மைக்குக் கண் எழுதிக்கொண்டிருந்த நேரத்தில், அவர்கள் முன்னால் உன்னை மரத்தைக் கொன்றவள் என்று சொல்லியிருக்கக் கூடாது. அதற்காக மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் என் வாய்மேல் பிராது எழுதிக் கட்டியிருக்கிறாய் என்றும், அந்த வழக்கு தீரும்வரை என் குரலைக் கேட்கமாட்டாய் என்றும் உன் வீட்டுக்காரர் அன்பரசன் போனில் சொன்னார். சாமி விசாரிக்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. எழுதினால் படிப்பாய் அல்லவா? அது போதும்.

இந்த வருடம் என்றும் இல்லாதபடி பூத்துக் கொட்டுகிறது, வாசல் பெருக்கி மாளவில்லை, செத்த மரமா இப்படிப் பூக்கும் என்று கேட்டிருக்கிறாய். பூவைப் பார்த்துச் சந்தோஷப்படாதே. போகியன்று ஒரு சாண் அகலத்துக்கு, அடிமரத்தைச் சுற்றி ஒரு விரல் இடம்கூட விடாமல் பட்டையைச் சீவிவிட்டாய். வேர் உறிஞ்சும் தண்ணீர் உள்கட்டை வழியாக மேலே போகிறது. கட்டையை நீ தொடவில்லை, அதனால் இலை பச்சையாக இருக்கிறது. இலை தயாரிக்கும் உணவு கீழே இறங்குவது கட்டை வழியாக இல்லை. பட்டையின் உட்புறத்தில் இருக்கும் மெல்லிய, ஈரமான தோல் வழியாக. அது இப்போது இல்லை. மேலேயே தேங்கிய உணவுதான் பூவாகக் கொட்டுகிறது என்று நினைக்கிறேன். வேர் பட்டினி கிடக்கிறது. தன்னிடம் சேமித்து வைத்ததைத் தின்று தீர்த்ததும் வேர் சாகும். வேர் செத்தால் தண்ணீர் ஏறாது. அன்றைக்குத்தான் இலை வாடும். அப்போது நீ என்னை நம்புவாய், ஆனால் செய்வதற்கு ஒன்றும் இருக்காது.

போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி அன்பரசனிடம் கேட்கப்போவதில்லை. போட்டோவில் எல்லா மரமும் நன்றாகத்தான் இருக்கும். நீ போய்த் தொட்டுப் பார். சீவிய வளையத்துக்கு மேல் விளிம்பு வீங்கியிருக்கிறதா? கீழ் விளிம்பு எப்படி இருக்கிறது? நகத்தால் கீறினால் உள்ளே என்ன நிறம்? பார்த்ததை மட்டும் எழுது.

சந்திரலேகா


விருத்தாசலம்
29 ஏப்ரல்

திருச்சி அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை ராஜாம்பாளுக்குப் படித்துக் காட்டினேன். "பூக்கறதும் குத்தமா? உங்க அக்கா கல்யாணத்துக்கு வந்தா பொண்ணுக்கு சொரம் அடிக்குதான்னு தொட்டுப் பாக்கும் போல இருக்குது" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பார்க்கச் சொன்னதைப் பார்த்தேன். மேல் விளிம்பு உதடு மாதிரி தடித்திருக்கிறது, கட்டைவிரல் கனம். கீறினால் பச்சை. கீழ் விளிம்பு அப்படி இல்லை. சப்பையாகத்தான் இருக்கிறது. கீறினால் அங்கேயும் பச்சைதான், ஆனால் வெளிறிய பச்சை.

நான் ஏன் சீவினேன் என்று நீங்கள் இதுவரை கேட்கவில்லை. நானே சொல்கிறேன். அச்சைப் பிரித்துப் பொம்மையை எடுக்கும்போது, இரண்டு பாதி சேர்ந்த இடத்தில் ஒரு கோடு புடைத்துக்கொண்டு நிற்கும். அதைக் கத்தியால் சீவி, ஈரப் பஞ்சால் துடைத்து, கோடு இருந்த இடமே தெரியாமல் செய்வதுதான் என் வேலை. அப்பா இருந்த காலத்திலிருந்து அதைத்தான் செய்கிறேன். போகிக்கு வாசலைச் சுத்தம் செய்யும்போது மரத்தில் கரையான் மண் கோடு கோடாக ஏறியிருந்தது. கை அதே கத்தியை எடுத்தது. மண்ணோடு பட்டையும் வந்தது, உள்ளே வழவழவென்று வெள்ளையாக இருந்தது. ஒரு பக்கம் மட்டும் சீவினால் அசிங்கமாக இருக்குமே என்று தலை உயரத்தில் சுற்றிலும் ஒரே அளவாகச் சீவி, அச்சு ஊற்றி மீந்த பிளாஸ்டரைக் குழைத்துப் பூசினேன். பார்த்தவர்கள் எல்லாம் மரத்துக்கு ஒட்டியாணம் போட்ட மாதிரி இருக்கிறது என்றார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. மரத்தைக் கொல்ல யாராவது இவ்வளவு பதமாகச் சீவுவார்களா?

நீங்கள் அந்த மரத்தை வருடத்துக்கு ஒரு தடவை பார்க்கிறீர்கள். எனக்கு அது பட்டறையில் பாதி. அச்சிலிருந்து எடுத்த ஈரம் காயாத பச்சைப் பொம்மையை வெயிலில் வைத்தால் ஒரு மணி நேரத்தில் கழுத்து வெடிக்கும். போன புரட்டாசிக்கு முன்னால் இடம் போதாமல் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு ஷீட்டுக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்தோம். அங்கே காய்ந்த செட்டியார் பொம்மை முக்கால்வாசிக்குக் கழுத்தில் மயிரிழை வெடிப்பு. அதே நாள், அதே மண், புங்கமரத்தடியில் காய்ந்ததில் ஒன்றுகூடப் போகவில்லை. அதனால்தான் மரத்துக்கு வழி கேட்கிறேன்.

எங்கள் வீட்டுக்காரர் வேறு கணக்குப் போடுகிறார். "மரம் எப்படியும் போறதுதான்னு உங்க அக்காவே சொல்லிட்டாங்க. காஞ்சி நம்ம தலையில வுழறதுக்கு முந்தி வெட்டிட்டு ஷீட்டு போட்டுடலாம்" என்கிறார். நீங்கள் சொன்னது அவருக்குத்தான் வசதியாகப் போயிற்று.

வளையத்துக்குக் கீழே துளிர் துளிராக வந்துகொண்டே இருக்கிறது. அடிமரம் அலங்கோலமாகத் தெரிகிறது என்று தினமும் காலையில் கிள்ளிப் போட்டுவிடுகிறேன். மற்றபடி சுத்தமாகத்தான் வைத்திருக்கிறேன்.

என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் எழுதுங்கள். திட்டு வேண்டாம்.

துர்காதேவி


திருச்சி
4 மே

துர்காவுக்கு,

துளிரைக் கிள்ளாதே. இந்தக் கடிதத்தில் வேறு எதையும் செய்யாவிட்டாலும் இதைச் செய். இன்றிலிருந்து அடிமரத்தில் முளைக்கும் எதையும் யாரும் தொடக் கூடாது, ஆடு மாடு உட்பட.

மேலேயிருந்து உணவு வராது என்று ஆன பிறகு, வேர் தன் கையிருப்பைச் செலவழித்துக் கீழேயே புதிதாக இலை விட்டுப் பார்க்கிறது. அந்த இலைகள் வெட்டுக்குக் கீழே இருப்பதால் அவை தயாரிப்பது நேராக வேருக்குப் போகும். அதைத்தான் நீ தினமும் காலையில் சுத்தம் செய்துகொண்டிருக்கிறாய். திட்டு வேண்டாம் என்று எழுதியிருப்பதால் இத்துடன் நிறுத்துகிறேன்.

கொட்டகைக்கும் மரத்துக்கும் உள்ள வித்தியாசம் நீ சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. ஷீட்டு வெயிலைத் தடுக்கும், ஆனால் தானும் சூடாகிக் காற்றைக் காயவைக்கும். இலையின் அடிப்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கின்றன, அவற்றின் வழியாக மரம் பகல் முழுவதும் ஈரத்தை விட்டுக்கொண்டிருக்கிறது. உன் பொம்மைகள் மெதுவாகக் காய்வதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அளந்து பார்க்காமல் உறுதியாகச் சொல்லமாட்டேன். உன் செட்டியார் கழுத்து ஒருவகையில் அளந்துதான் காட்டியிருக்கிறது.

இனி வேலை. பட்டைக்குப் பட்டை பாலம் போட வேண்டும். அதே மரத்தில், பென்சில் பருமனில், போன வருடம் விட்ட குச்சிகளை வெட்டி இலைகளை எடுத்துவிடு. இரண்டு முனையையும் சாய்வாகச் சீவு. உன் வளையத்துக்கு மேலும் கீழும் நல்ல பட்டையில் குச்சி அகலத்துக்கு ஒரு வாய் வெட்டி, பட்டையைத் தூக்கி, குச்சியின் சீவிய முகம் கட்டையைத் தொடும்படி உள்ளே செருகு. மேல் முனை மேல் பட்டைக்குள், கீழ் முனை கீழ்ப் பட்டைக்குள். குச்சி விறைப்பாக நிற்காமல் கொஞ்சம் வில் போல வளைந்து நிற்கட்டும், காற்றில் மரம் ஆடும்போது பிடுங்கிக்கொள்ளாது. சின்ன ஆணி ஒன்று அடித்து, மேலே தேன்மெழுகு உருக்கி ஊற்று. சுற்றிலும் ஒரு சாணுக்கு ஒன்று வேண்டும். வெட்டுவாயில் இருக்கும் பிளாஸ்டரை மட்டும் தட்டி எடு, மீதியை விட்டுவிடு. அது கட்டையை வெயிலில் வெடிக்காமல் காத்திருக்கிறது. அந்த அளவில் உன் ஒட்டியாணம் நல்லதுதான்.

இப்போதே செய்யாதே. பட்டை கட்டையோடு ஒட்டிக்கொண்டிருக்கும், தூக்கினால் கிழியும். ஒரு நல்ல கோடை மழை பெய்து, புதுத் தளிர் எழும்பும்போது பட்டை தானாக நெகிழும். அதுவரை அடிமரத்துக்குத் தண்ணீர் விடு.

நான் இதை என் கையால் ஒரே ஒரு முறை செய்திருக்கிறேன், எம்.எஸ்ஸி. படிக்கும்போது, ஒரு கொய்யா மரத்தில். பிழைக்கவில்லை. சீவும் கை எனக்குக் கிடையாது. உனக்கு இருக்கிறது.

சந்திரலேகா


விருத்தாசலம்
26 மே

அக்காவுக்கு,

போன வாரம் இரண்டு நாள் நல்ல மழை. வாசலில் முழங்கால் தண்ணீர். மூன்றாம் நாள் கத்தியை வைத்துப் பார்த்தேன், பட்டை வேகவைத்த கிழங்குத் தோல் மாதிரி கழன்று வந்தது. அன்றைக்கே ஆரம்பித்துவிட்டேன்.

எங்கள் வீட்டுக்காரர் சூளைக்குச் சரக்கு ஏற்றிவிட்டு வந்து பார்த்தார். நான் ஏணியில் இருக்கிறேன், ராஜாம்பாள் மெழுகுச் சட்டியோடு கீழே நிற்கிறாள்.

"என்னாடி இது, மரத்துக்கு ஊசி போடறீங்களா?"

"ஊசி இல்ல தம்பி, பைபாஸு" என்றாள் ராஜாம்பாள். "திருச்சி டாக்டரம்மா எழுதிக் குடுத்துருக்குது. வேப்பூருல ரோட்டுக்குப் பண்ணாங்கல்ல, அதுமாரி."

"ரோட்டுக்குப் பைபாஸு போட்டப்புறம் ஊருக்குள்ள எந்த பஸ்ஸு வருது?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஆணி அடித்தால் பட்டை பிளக்கிறது. அதனால் அச்சு இரண்டையும் சேர்த்துக் கட்ட வைத்திருக்கும் சைக்கிள் டியூப் வளையங்களை வெட்டி, இழுத்துக் கட்டினேன். மண்கூழ் ஊற்றினாலும் அச்சு வாய் திறக்காமல் பிடிப்பது அதுதான், பட்டையைப் பிடிக்காதா? ஒரு குச்சிக்கு இரண்டு கட்டு. வீட்டுப் பக்கம் சுலபமாக இருந்தது. தெருப் பக்கம் மரம் கொஞ்சம் உப்பலாக இருப்பதால் குச்சி வளைவு சரியாக உட்காரவில்லை. திருப்பிப் போட்டால் அழகாகப் பொருந்தியது. அந்தப் பக்கத்துக் குச்சிகளை எல்லாம் திருப்பியே வைத்தேன். வேலை பார்க்க நன்றாக இருக்கிறது. நீ வந்து பார்த்தால் ஒரு குறை சொல்ல முடியாது.

கீழ்த் துளிரைத் தொடவில்லை. வீட்டுப் பக்கம் கொத்தாக வளர்ந்து இடுப்பு உயரம் வந்துவிட்டது. தெருப் பக்கம் ஒன்றும் இல்லை, அந்தப் பக்கத்தைத்தான் நான் அதிகம் கிள்ளினேன் போலிருக்கிறது. ஆட்டுக்காக முள் கட்டி வைத்தேன். வாசல் காடு மாதிரி இருக்கிறது. பக்கத்து வீட்டுச் சிந்தாமணி வந்து, "துர்கா, ஒடம்பு கிடம்பு சரியில்லியா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

கோயில் குருக்களைப் பார்த்தேன். பிராது கட்டினவள் அதே ஆளுக்குக் கடிதம் எழுதலாமா என்று கேட்டேன். "எழுதுங்கம்மா, சாமிக்கு அதுல ஒண்ணும் வருத்தம் கெடையாது" என்று சிரித்தார். அதனால் தைரியமாக எழுதுகிறேன்.

துர்கா


திருச்சி
1 ஜூன்

துர்காவுக்கு,

திருப்பி வைத்தேன் என்றால் எப்படித் திருப்பி? வலது இடமாகவா, தலைகீழாகவா?

தலைகீழாக என்றால் அந்தப் பாலங்களை நம்பாதே. குச்சிக்கு மேல் கீழ் உண்டு. மரத்தில் இருக்கும்போது அடிப்பக்கமாக இருந்த முனை வேரைப் பார்த்துத்தான் இருக்க வேண்டும். உனக்கு அது ஒரு குழாய், எந்தப் பக்கம் வைத்தாலும் தண்ணீர் ஓடும். அது குழாய் இல்லை. தலைகீழாக வைத்தது சில நாள் பச்சையாக இருந்து நம்மை ஏமாற்றும், பிறகு சுருங்கும். இதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். "மேல் முனை மேலே" என்று எழுதியதில் எல்லாம் அடங்கிவிட்டதாக நினைத்தேன்.

டியூப் வளையம் நல்ல யோசனை. பட்டை பருக்கத் தொடங்கியதும் தளர்த்திவிடு, இல்லாவிட்டால் அதுவே கழுத்தை இறுக்கும்.

தெருப் பக்கத்துக் குச்சிகளைப் பிடுங்கி மறுபடி வைக்கலாமா என்று கேட்பாய். பட்டை இன்னும் நெகிழ்ந்து கொடுத்தால் செய். கொடுக்காவிட்டால் பிடுங்காதே, இருக்கிற காயத்தைப் பெரிதாக்கும். கத்தியை வைத்துப் பார்த்து நீயே முடிவெடு. இங்கிருந்து எனக்குத் தெரியாது.

உன் கடிதம் வந்த அன்று கல்லூரித் தோட்டத்தில் ஒரு புங்கங்கன்றில் நானும் இரண்டு குச்சி செருகிப் பார்த்தேன். ஒன்று அன்றைக்கே விழுந்துவிட்டது. தோட்டக்காரர் பழமலை, "மேடம், வகுப்புக்கு நேரமாச்சிங்களே" என்று கத்தியை வாங்கிக்கொண்டார்.

சந்திரலேகா


விருத்தாசலம்
7 ஜூலை

அக்கா,

தலைகீழாகத்தான் வைத்திருந்தேன். உன் கடிதம் வரும்போது வெயில் திரும்பிவிட்டது, பட்டை ஒட்டிக்கொண்டது. பிடுங்கவில்லை. தெருப் பக்கத்துக் குச்சிகள் எல்லாம் வற்றல் மாதிரி சுருங்கிவிட்டன. விரலால் தட்டினால் கடகடக்கிறது. வீட்டுப் பக்கம் வைத்தவை பச்சை. இரண்டில் மொட்டுக்கூட வந்திருக்கிறது. வளையத்தைத் தளர்த்திவிட்டேன்.

ஆனால் இலை கொட்டுகிறது. ஆடி வருவதற்குள் இப்படிக் கொட்டி நான் பார்த்ததில்லை. தெருப் பக்கத்துப் பெரிய கிளையில் பாதி இலை மஞ்சள். நிழலில் ஓட்டை விழுந்துவிட்டது. புதன்கிழமை பலகையில் வைத்த பொம்மைகள் மேல் வெயில் வட்டம் வட்டமாக விழுந்து, மத்தியானத்துக்குள் ஒரு பலகை முழுக்கக் கழுத்து வெடித்தது. எல்லாவற்றையும் கரைத்து மறுபடி மண்கூழாக்கினோம். கொலு ஆர்டர் ஏற்கெனவே பின்தங்கிவிட்டது. இந்த வருடம் நாம் கொடுக்காவிட்டால் அடுத்த வருடம் வேறு இடத்துக்குப் போய்விடுவார்கள். அப்பா பெயரில் இருக்கும் பட்டறை இதோடு நின்றுவிடும்.

எங்கள் வீட்டுக்காரரை நான் தப்பு சொல்லமாட்டேன். அவர் பொறுமையாகத்தான் இருந்தார். நேற்று நல்லமுத்துவைக் கூட்டிவந்தார். எஸ்டேட்டில் கொட்டகை எல்லாம் போடுகிறவர். அவர் மரத்தைச் சுற்றி நடந்து பார்த்தார். என் பாலத்தை எல்லாம் பார்த்துவிட்டு, "இது என்னாங்க, மரத்துக்கு மாவுக்கட்டு போட்டு வச்சிருக்கீங்க?" என்றார். அவர் சிரித்த சிரிப்பில் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. திங்கட்கிழமை, பதினைந்தாம் தேதி, மிஷின் ரம்பத்தோடு வருகிறார். மரத்தை வெட்டி அதே வாரம் ஷீட்டு.

"ஒரு வாரம் டயம் தரேன்" என்று எங்கள் வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். "உங்க அக்கா படிச்சவங்கதான? மரம் பொழைக்கும்னு ஒரு வார்த்த எழுதிக் குடுக்கட்டும், நான் ரம்பத்த திருப்பி அனுப்பறேன். இல்ல போயிடும்னு சொல்லட்டும், ஒரே நாள்ல முடிச்சிடலாம். தெரியாது தெரியாதுன்னா நான் என்னா பண்றது?"

நானும் அதைத்தான் கேட்கிறேன். எனக்கு வேர், இலை, பட்டை எதுவும் வேண்டாம். பிழைக்குமா, பிழைக்காதா? ஒரே ஒரு வார்த்தை.

துர்கா


திருச்சி
11 ஜூலை

துர்காவுக்கு,

ஒரு வார்த்தை எழுதமாட்டேன். பிழைக்கும் என்று எழுதினால் உன் பட்டறையை என் ஊகத்தின் மேல் நிறுத்துவதாகும். பிழைக்காது என்று எழுதினால் உயிருள்ள மரத்தை வெட்டச் சொன்னதாகலாம். என் சொல்லைக் கேட்டு இரண்டில் எதையும் செய்யாதே. மரத்தைக் கேள். கேட்பதற்கு ஒரு வழி இருக்கிறது, கூரியரில் இதோடு வருகிறது.

சின்ன பாட்டிலில் இருப்பது அயோடின். மாவுச்சத்து இருக்கும் இடத்தில் பட்டால் கருநீலமாகும், இல்லாத இடத்தில் மருந்து நிறத்திலேயே இருக்கும். முதலில் உன் வீட்டுச் சோற்றுப் பருக்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார், பாட்டில் வழியில் கெட்டுப்போகவில்லை என்று தெரிந்துகொள்ள. அடுத்து மேல் கிளையில் ஒரு குச்சியை வெட்டி, வெட்டிய முகத்தில் விடு. கறுக்க வேண்டும்.

பிறகு வேர். வீட்டுப் பக்கம் ஒரு இடத்தில், தெருப் பக்கம் ஒரு இடத்தில் மண்ணைத் தோண்டு. தடித்த வேரை எடுக்காதே. அதில் பழைய கையிருப்பு இன்னும் இருக்கலாம், கறுத்துக் காட்டி நம்மை ஏமாற்றும். பென்சிலைவிட மெல்லிய வேராகப் பார்த்து, ஒவ்வொரு பக்கமும் நாலைந்து வெட்டு. ஒன்றை வைத்து முடிவு செய்யாதே. உள்ளே வெள்ளையாக, ஈரமாக இருக்கிறதா, பழுப்பாகப் பொத்தலாக இருக்கிறதா என்று முதலில் பார். அப்புறம் சொட்டு விடு.

மெல்லிய வேர் கறுத்தால், இந்த மழைக்குப் பிறகு அதற்குச் சோறு போயிருக்கிறது. பாலம் வழியாகப் போனதா, கீழ்த்துளிர் கொடுத்ததா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. வேருக்கு அது முக்கியமில்லை. இரண்டு பக்கமும் கறுக்காவிட்டால் நல்லமுத்து வெட்டட்டும். எனக்காக ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதே. நானும் பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டேன்.

அன்பரசனையும் பக்கத்தில் நிற்கவைத்துச் செய். அவர் கண்ணால் பார்க்கட்டும். பிறகு நீங்கள் இருவரும் முடிவெடுங்கள்.

தேர்வுத்தாள் திருத்தும் பணியில் போட்டிருக்கிறார்கள், திங்கட்கிழமை என்னால் வர முடியாது. வந்தாலும் எனக்கு இதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

சந்திரலேகா


விருத்தாசலம்
14 ஜூலை, ஞாயிறு

அக்கா,

கூரியர் நேற்று வந்தது. இன்று காலையில் அவரையும் ராஜாம்பாளையும் வைத்துக்கொண்டு செய்தேன்.

சோற்றுப் பருக்கை மை மாதிரி ஆனது. "அய்ய, இதையா நாம துன்றோம்?" என்றாள் ராஜாம்பாள். மேல் கிளைக் குச்சியும் கறுத்தது. அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

வீட்டுப் பக்கம் அவரே கடப்பாரை போட்டார். மெல்லிய வேர் ஆறு வெட்டினோம். எல்லாம் உள்ளே வெள்ளை. சொட்டு விட்டதும் நான்கு கறுத்தது. ஒன்று ஓரத்தில் மட்டும். இன்னொன்றில் ஒரு மாற்றமும் இல்லை.

தெருப் பக்கம் ஐந்து வெட்டினோம். இரண்டு பழுப்பு, கையில் நசுங்கியது. மூன்று வெள்ளைதான், ஆனால் சொட்டு விட்டால் மருந்து நிறத்திலேயே நிற்கிறது. இன்னும் இரண்டு இடம் தோண்டிப் பார்த்தோம், அப்படியேதான். அந்தப் பக்கத்துக்கு எதுவும் போகவில்லை. நான் தலைகீழாக வைத்த பக்கம். நான் அதிகம் கிள்ளின பக்கம்.

அவர் வேரைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "சரி, பாதி இருக்குது, பாதி இல்ல. இதுக்கு என்னா அர்த்தம்?" என்று கேட்டார். நான் சொன்னேன். பாதி மரத்துக்குப் பாதி ஷீட்டு. தெருப் பக்கத்துப் பெரிய கிளையை மட்டும் வெட்டுவோம், எப்படியும் அது மேலே காய்ந்துகொண்டிருக்கிறது. அந்தப் பக்கம் ஷீட்டு போட்டுக் காய்ந்த பொம்மையும் சூளைக்குப் போகிற பொம்மையும் வைப்போம். பச்சைப் பொம்மைக்கு வீட்டுப் பக்கத்து நிழல் போதும், பலகையை நெருக்கி வைத்தால். அப்படி ஒரு கணக்கு இருக்கிறது என்று உன் கடிதத்தில் இல்லை. எனக்கே தோன்றியது.

"நல்லமுத்து கேட்டா சிரிப்பான்" என்றார். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மிஷினுக்கு முன்பணம் கொடுத்தாயிற்று. நாளை என்ன ஆகும் என்று பார்த்துவிட்டுத்தான் இதைத் தபாலில் போடுவேன்.

15 ஜூலை, திங்கள்

நல்லமுத்து எட்டு மணிக்கு வந்தார். நான் அதற்கு முன்பே தெருப் பக்கத்துக் கிளையில் செங்காவியால் கோடு போட்டு வைத்திருந்தேன்.

"பாதி மரம், பாதி ஷீட்டா? ஏங்க, கல்யாண வூட்டுப் பந்தலா போடறீங்க?" என்று எங்கள் வீட்டுக்காரரைப் பார்த்துக் கேட்டார். "பேசாம அடியோட போட்டுடலாங்க. நாளைக்கு இதுவும் காஞ்சி போனா மறுபடி என்னத்தான் கூப்புடுவீங்க."

"கூப்புட்டா வா. இன்னிக்கிக் கோட்டுல வெட்டு" என்றார் எங்கள் வீட்டுக்காரர். அவ்வளவுதான் சொன்னார்.

கிளை விழும்போது தெருவில் புழுதி எழுந்தது. வெயில் சட்டென்று பாதி வாசலை எடுத்துக்கொண்டது. அங்கே இருந்த பலகைகளை எல்லோருமாக ஓடித் தூக்கி வீட்டுப் பக்கம் மாற்றினோம். ஒரு பலகை கை நழுவி, நாலு பிள்ளையார் தும்பிக்கை போனது. வெட்டுவாயில் பாட்டிலில் மீதி இருந்ததை ஊற்றினேன். ஊற்றிய இடம் எல்லாம் கறுப்பு. "இம்மாஞ் சோத்த மேலயே வச்சிக்கிட்டு நின்னுருக்குது பாரு" என்றாள் ராஜாம்பாள்.

நல்லமுத்துவின் ஆட்கள் கம்பம் நடக் குழி தோண்ட ஆரம்பித்தார்கள். வேர் இருக்கும் பக்கம் வராமல் தள்ளித் தோண்டச் சொன்னேன், தோண்டினார்கள். மத்தியானத்துக்கு மேல் மேகம் கட்டித் தூறியது. விழுந்த கிளையில் இன்னும் பச்சையாக இருந்த குச்சிகளில் எட்டு பார்த்து எடுத்தேன். வெட்டுவதற்கு முன்பே ஒவ்வொன்றின் அடிமுனையிலும் செங்காவி தொட்டு வைத்தேன். வீட்டுப் பக்கத்துப் பாலங்களுக்கு நடுவே இருந்த இடைவெளியில் கத்தியை வைத்தேன். பட்டை கொஞ்சம் முரண்டியது. இரண்டு கிழிந்தது. மூன்றாவது நெகிழ்ந்து கொடுத்தது, செருகினேன். பிறகு இன்னொன்று.

கட்ட டியூப் வளையம் தீர்ந்துவிட்டது. உள்ளே போய் எடுக்கலாம் என்று ஏணியிலிருந்து இறங்கித் திரும்பினேன். எங்கள் வீட்டுக்காரர் தன் சைக்கிளைச் சுவரோரம் சாய்த்து, பின்சக்கரத்தைக் கழற்றி, டியூபை வெளியே இழுத்து நறுக்கிக்கொண்டிருந்தார்.

துர்கா